அடைபட்ட நீரின் ஆற்றல்

நீர் மெல்லியது, தொட்டால் வளைந்து கொடுப்பது, வைத்த கலத்தின் வடிவையே தன் வடிவாகக் கொள்வது. ஆயினும் அதன் வலிமையை ஏரிக்கரையில் வாழ்பவர் நன்கு அறிவர். மதகின் வழியே அடங்கி ஒழுகிப் பயிரை வளர்ப்பதும் நீரே. கரை உடைந்த அன்று வயலையும் வீட்டையும் வாரிச் செல்வதும் நீரே. இவ்விரு தன்மைகளையும் கண்ட நம் முன்னோர், கரையும் கலிங்கும் மதகும் அமைத்து நீரைத் தம் வயப்படுத்தினர். இவையன்றி நீருக்கு மூன்றாவது ஆற்றல் ஒன்றும் உண்டு. நாற்புறமும் இடைவெளியின்றி அடைபட்ட நீரை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் சிறிதும் குறையாமல் எல்லாப் பக்கங்களிலும் பரவும். இந்த ஓர் உண்மையைக் கருவியாகக் கொண்டு, ஒரு சிறுமியின் கைவலியால் ஒரு பாரவண்டியைத் தூக்கி நிறுத்தலாம். இக்கலையைத் தொழிற்கூடங்களில் ஹைட்ராலிக்ஸ் என்று வழங்குவர். நாம் இதனை நீர்ம அழுத்தக் கலை எனலாம்.

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் வேங்கிக்கால். எங்கு நின்று நோக்கினும் அண்ணாமலையின் முடி தெரியும். 1989-ஆம் ஆண்டில் வடஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரிலேயே உள்ளது. ‘கால்’ என்னும் சொல் தமிழில் நீர் ஓடும் வழியையும் குறிக்கும். அச்சொல்லைத் தன் பெயரிலே தாங்கி, ஏரி ஒன்றையும் தன்பால் கொண்ட இவ்வூரில், நீர்ம அழுத்தக் கலையின் தொடக்கப் பயிற்சி ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

நான் தமிழாசிரியன். ஒரு கோடை விடுமுறையில், எங்கள் பள்ளி மாணவர் பன்னிருவர் ஐந்து நாள் பயிற்சிக்குச் சென்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டு பணி செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் பயிற்சி அளித்தார். வாயிலில் நின்றே திரும்ப நினைத்த என்னை அவர் விடவில்லை. “ஐயா, மொழியைச் செவியால் கற்கலாம், இதனைக் கையால்தான் கற்க வேண்டும். நீங்களும் உட்காருங்கள்” என்றார். அவ்வைந்து நாட்களும் நான் மாணவருள் ஒருவனாக அமர்ந்தேன்.

முதல் நாள் அவர் எங்கள் கையில் கொடுத்த கருவி, மருத்துவர் ஊசி போடப் பயன்படுத்தும் சிரிஞ்சே ஆகும். ஊசியை நீக்கிய இரண்டு சிரிஞ்சுகள். அவற்றை இணைக்கும் மெல்லிய குழாய். ஒரு வாளித் தண்ணீர். இவையே பாடநூல்கள். சிறிய சிரிஞ்சின் குறுக்களவு 1 சென்டிமீட்டர். பெரியதன் குறுக்களவு 3 சென்டிமீட்டர். இரண்டிலும் குழாயிலும் நீரை நிரப்பிய பின், வகுப்பிலேயே சிறியவளான ஒரு மாணவியை அழைத்துச் சிறிய சிரிஞ்சைக் கொடுத்தார். கபடி ஆட்டத்தில் பெயர் பெற்ற ஒரு மாணவனிடம் பெரியதைக் கொடுத்தார். “இருவரும் எதிரெதிராக அழுத்துங்கள், யார் வெல்வார் என்று பார்ப்போம்” என்றார்.

மாணவர் எல்லாரும் சிரித்தனர். ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அந்தப் பெண் தன் கட்டை விரலால் அழுத்த, பெரிய சிரிஞ்சின் தண்டு அம்மாணவனின் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு மேலே எழுந்தது. அவன் இரு கைகளாலும் முயன்றான், முகம் சிவந்தது, தண்டு இறங்கவில்லை. “எத்தனை மடங்கு வலிமை இவளுக்குக் கூடியிருக்கிறது?” என்று முதியவர் வினவினார். குறுக்களவு மூன்று மடங்காதலின் வலிமையும் மூன்று மடங்கே என்றனர் பலர். “அன்று, நீர் தள்ளுவது பரப்பை. குறுக்களவு மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும். ஆகவே இப்பெண்ணின் ஒரு விரல் ஒன்பது விரல் ஆயிற்று” என்று அவர் விளக்கினார்.

அவ்வளவில் அவர் நிறுத்தவில்லை. ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து, இரண்டு தண்டுகளும் நகர்ந்த தொலைவை அளக்கச் சொன்னார். சிறியது நாலரை சென்டிமீட்டர் இறங்கியபோது பெரியது அரை சென்டிமீட்டரே ஏறியிருந்தது. வலிமையில் ஒன்பது மடங்கு பெற்றதைத் தொலைவில் ஒன்பது மடங்காக இழந்தோம். இயற்கை யாருக்கும் இலவசமாக எதனையும் அளப்பதில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்கிறது. இவ்வுண்மையை நூலில் படித்தபோது மாணவருக்கு அது ஒரு வரி. அளவுகோலைப் பிடித்துக் கண்டபோதோ அது அவர்களுடைய சொந்த அறிவாயிற்று.

இவ்விதியை முதலில் தெளிவாக வகுத்துரைத்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் ஆவார். அவர் 1623-ஆம் ஆண்டில் பிறந்து, முப்பத்தொன்பது வயதே வாழ்ந்து, 1662-இல் மறைந்தார். நீர்மங்களின் சமநிலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. நீர் நிறைந்த கலத்தில் இரண்டு வாய்கள் இருந்து, ஒன்று மற்றொன்றைப் போல் நூறு மடங்கு பரப்புடையதாயின், சிறிய வாயில் அழுத்தும் ஒருவன் பெரிய வாயில் அழுத்தும் நூறு பேருக்கு நிகராவான் என்று அந்நூலில் அவர் காட்டினார். எங்கள் மாணவி அன்று மெய்ப்பித்தது அதனையே அன்றோ?

பாஸ்கல் கண்ட உண்மை உடனே பயன் தரவில்லை. ஏறத்தாழ 130 ஆண்டுகள் அது ஏட்டில் உறங்கிற்று. 1795-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஜோசப் பிராமா என்பவர் அதனைக் கொண்டு ஓர் அழுத்தப் பொறியை ஆக்கி உரிமை பெற்றார். பிராமா இளமையில் தச்சுத் தொழில் பயின்றவர். பூட்டுச் செய்வதில் வல்லவர். அவருடைய பொறிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அழுத்தம் மிகுந்தபோது, தண்டுக்கும் உருளைக்கும் இடையே நீர் கசிந்தது. இடைவெளியை இறுக்கி அடைத்தாலோ, தண்டு அசைய மறுத்தது. அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லி என்னும் இளைஞரே இதற்கு வழி கண்டார் என்பர். கிண்ணம் போல் வளைந்த தோல் வளையம் ஒன்றை அங்கே பொருத்தினர். உள்ளே அழுத்தம் பெருகப் பெருக அத்தோல் விரிந்து தானே இறுகும். அழுத்தம் குறைந்தால் தளர்ந்து தண்டுக்கு வழிவிடும். அழுத்தும் நீரைக் கொண்டே அந்நீர் கசியாமல் காத்த நுட்பம் எண்ணி வியக்கத்தக்கது. அறிஞர் ஒருவரின் கருத்து, தொழிலாளர் இருவரின் கைவழியே உலகிற்குப் பயன்பட்டது.

இரண்டாம் நாள் பாரவண்டிகளைத் தூக்கும் ஜாக்கி ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். பஞ்சர் ஒட்டும் கடைகளில் நாள்தோறும் காணும் கருவிதான் அது. ஆயினும் அதன் வயிற்றுள் இருப்பதை எங்களுள் ஒருவரும் கண்டதில்லை. உள்ளே சிறிய பிஸ்டன் ஒன்று, பெரிய பிஸ்டன் ஒன்று, எண்ணெய் நிறைந்த சிறு தொட்டி, இரண்டு எஃகுக் குண்டுகள், ஒரு திருகு, இவ்வளவே. கைப்பிடியை உயர்த்தினால், முதற் குண்டு எழுந்து வழிவிட, தொட்டி எண்ணெய் சிறிய உருளைக்குள் வரும். கைப்பிடியைத் தாழ்த்தினால், அக்குண்டு வழியை மூடிக்கொள்ளும். இரண்டாம் குண்டு திறந்து எண்ணெயைப் பெரிய பிஸ்டனுக்கு அடியில் அனுப்பும். சென்ற எண்ணெய் திரும்பாதபடி அக்குண்டு உடனே அமர்ந்துவிடும். வேலை முடிந்தபின் திருகைத் தளர்த்தினால், எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, பாரம் மெல்ல இறங்கும்.

“தெருவிலுள்ள அடிபம்பிலும் இவ்வாறே வால்வு உண்டே, ஐயா!” என்றான் ஒரு மாணவன். அவன் தந்தையார் கைப்பம்புகளைப் பழுது பார்ப்பவர். முதியவர் மகிழ்ந்து, “ஆம், தம்பி. உன் தந்தையார் மாற்றும் வாசரும், பிராமாவின் தோல் வளையமும் ஒரே குலத்தவை” என்றார். அம்மாணவன் அதுவரை கடைசி வரிசையில் இருந்தவன். மறுநாள் அவன் முன்வரிசையில் அமர்ந்ததை நான் கவனித்தேன். தந்தையின் தொழிலில் ஓர் அறிவியல் ஒளிந்திருப்பதை அறிந்த பிள்ளையின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை, எத்தனை மதிப்பெண்ணும் தர இயலாது.

நீருக்கு மாறாக எண்ணெயைப் பயன்படுத்துவது ஏன் என்பதும் அன்று விளங்கிற்று. நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயோ துருவினின்று காப்பதோடு, தேயும் பகுதிகளுக்கு வழுவழுப்பையும் தரும். எனினும் இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் அவை எளிதில் சுருங்குவதில்லை. காற்று அத்தகையதன்று. சிரிஞ்சில் வேண்டுமென்றே சிறிது காற்றைப் புகுத்தி அழுத்தச் சொன்னார். சிறிய தண்டு இறங்கியது, பெரியது அசையவில்லை. கொடுத்த உழைப்பையெல்லாம் அச்சிறு காற்றுக்குமிழி விழுங்கிவிட்டது. காரின் பிரேக்குக் குழாயில் காற்று புகுந்தால், ஓட்டுநர் மிதித்தும் சக்கரம் நில்லாமற்போவது இதனாலேயே. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்றுதல் வேண்டும் என்பதை அன்று யாரும் மனப்பாடம் செய்யவில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மின்விசையால் இயங்கும் பயிற்சிப் பலகையின்முன் நின்றோம். கீழே எண்ணெய்த் தொட்டி, அதன்மேல் பம்பு, இடையிடையே வால்வுகள், அழுத்தத்தைக் காட்டும் மீட்டர், மேலே சிலிண்டர். குழாய்கள் பல திசைகளிலும் ஓடுவதைக் கண்டு மாணவர் சிலர் மலைத்தனர். அவர்களுடைய மலைப்பை நீக்க முதியவர் ஓர் உபாயம் செய்தார். “உங்கள் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்பலகையில் ஏரியைக் காட்டுங்கள்” என்றார். தொட்டிதான் ஏரி என்றாள் ஒரு பெண். எண்ணெயை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்பிவிடும் வால்வே மதகு என்றான் வேறொருவன். அழுத்தம் எல்லை கடக்கும்போது தானே திறந்து, மிகுந்த எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பும் வால்வு ஒன்று இருந்தது. அதனை நோக்கிப் பலரும் ஒரே குரலில், “கலிங்கு!” என்றனர்.

அவர்கள் கூறியது முற்றிலும் பொருந்தும். ஏரி நிறைந்தபின் வரும் வெள்ளம் கரையை உடைக்காதபடி வெளியேற, உரிய உயரத்தில் அமைத்த வழியே கலிங்கு. குழாயும் சிலிண்டரும் வெடிக்காதபடி காப்பது இவ்வால்வு. கலிங்கில்லாத ஏரியும், இவ்வால்வில்லாத பொறியும் ஒருநாள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். பெயர் தெரியாத நம் ஊர்க் கொத்தரும் மண்வெட்டிக்காரரும் பல நூற்றாண்டுகட்கு முன்பே இந்நெறியைக் கைக்கொண்டிருந்தனர் என்று எண்ணியபோது என் உள்ளம் உவந்தது.

இன்னொன்றையும் அன்று கணக்கிட்டோம். நீரின் ஆழம் 10 மீட்டர் கூடுந்தோறும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் கூடும். நம் மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே அமைந்த சாத்தனூர் அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 119 அடி. அஃதாவது, ஏறத்தாழ 36 மீட்டர். ஆகவே, அவ்வளவு ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர்மீது 3.6 கிலோகிராம் அழுத்தம் தாக்கும். எங்கள்முன் இருந்த பம்போ, மீட்டர் முள்ளை 50 கிலோகிராம் வரை ஏற்றியது. 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,000 கிலோகிராம் வரும். முழங்கை நீளமும் இல்லாத அச்சிலிண்டர் ஒரு டன் எடையை ஓசையின்றித் தூக்கும் என்று கண்டபோது, கரும்பலகையில் கணக்கிட்ட மாணவனே தன் விடையைத் துடைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

இவ்வாற்றல் நம்மைச் சுற்றி எங்கும் உழைக்கிறது. உழவனின் டிராக்டர் கலப்பையைத் தூக்குவதும், மண்ணள்ளும் பொறி தன் நீண்ட கையை மடக்கி நீட்டுவதும், டிப்பர் லாரி தன் பெட்டியைச் சாய்த்து மணலைக் கொட்டுவதும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி தன் கம்பத்தை நிமிர்த்துவதும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே. திருவிழாவிலும் இக்கலை இடம்பெற்றுள்ளது. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலையில் ஐந்து தேர்கள் மாடவீதியில் வலம் வருவதை நாம் அறிவோம். ஓடும் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவது தொன்றுதொட்ட வழக்கம். அத்தொழில் உயிரைக் கையில் பிடித்துச் செய்வதாகும். அலங்கரித்த நிலையில் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது என்பர் திருவாரூர் ஆழித்தேரை. அதற்குத் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் அச்சும் அமைத்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தினர். பழைமையைப் போற்றுவதும் புதுமையை ஏற்பதும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நான்காம் நாள் பாடம் வேறு தன்மையது. அன்று முதியவர் பொறியை இயக்கவே இல்லை. முதலில் தூய்மையைப் பற்றிக் கூறினார். வால்வினுள் அசையும் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனிலும் மிகக் குறைவு. ஒரு துகள் தூசி அங்குப் புகுந்தால் தண்டு கீறும், சிக்கும், பொறி சொன்னபடி கேளாது. ஆதலின் நூல் உதிரும் கழிவுப் பஞ்சால் துடைத்தலும் ஆகாது என்றார். பின்னர் இடரைப் பற்றிக் கூறினார். உயர்ந்த அழுத்தமுள்ள குழாயில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால், அதன் வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். காயம் முள் குத்தியது போலவே தோன்றும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். உடனே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆகவே, கசிவைக் கையால் தடவித் தேடுதல் கூடாது. அட்டைத் துண்டை நீட்டியே தேட வேண்டும்.

அப்போது, அதுகாறும் பேசாதிருந்த ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அண்ணன் டிப்பர் லாரி ஒன்றில் வேலை செய்கிறான். “ஐயா, பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் புகுந்து வேலை செய்கிறார்கள். எண்ணெய்தான் சுருங்காதே! அதனை நம்பிப் புகலாமா?” என்று கேட்டான். அவன் குரல் தழுதழுத்தது. அண்ணனோடு வேலை செய்த ஒருவர், அவ்வாறு அடியில் இருந்தபோது குழாய் அறுந்து பெட்டி இறங்கியதால் மாண்டார் என்பதைப் பின்னர்ச் சொன்னான். அவன் இப்பயிற்சிக்கு வந்ததே அந்த ஒரு வினாவுக்கு விடை தேடித்தான் என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது.

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின்மீது ராபர்ட் ஸ்டீபன்சன் என்னும் பொறியாளர் பிரிட்டானியா என்ற இருப்புப்பாதைப் பாலத்தைக் கட்டினார். ரயில் வண்டி உள்ளே செல்லத்தக்க பெரிய இரும்புக் கூடுகளைக் கீழே செய்து, நீர்ம அழுத்தப் பொறியால் கோபுரங்களின் உச்சிக்குத் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெருங்கூடும் 1,500 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. பொறியின் வலிமையில் ஐயம் கொள்ளக் காரணம் ஏதும் இல்லை. எனினும், கூடு சிறிது சிறிதாக உயருந்தோறும் அதன் அடியில் அணைகொடுத்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும் என்று ஸ்டீபன்சன் ஆணையிட்டார். 1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், பொறியின் பெரிய சிலிண்டர் அடிப்பக்கம் பிளந்தது. கூடு வீழ்ந்தது, ஆனால் சில அங்குலங்களே வீழ்ந்து, அடியில் கட்டிய அணைமீது நின்றது. அந்த அணை இல்லையேல், கூடும் பாலமும் அன்றே பாழாகியிருக்கும். மறு ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது.

“தம்பி, எண்ணெய் சுருங்காது, உண்மை. ஆனால் எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் குழாய் அறும், வளையம் தேயும், வால்வைத் தெரியாமல் ஒருவர் தொட்டுவிடுவார். எண்ணெயைத் தூக்குவதற்கு நம்பு, தாங்குவதற்கு நம்பாதே. தூக்கியபின் தாங்குவது இரும்பின் வேலை” என்று அவர் முடித்தார். பிறகு ஒரு கனத்த இரும்புத் தாங்குகோலைக் கொண்டுவந்து, தூக்கி நிறுத்திய பாரத்தின்கீழ் அதனை இருத்தும் முறையை ஒவ்வொருவரும் செய்து காட்டும்படி செய்தார். அதன்பின்னும் பாரத்தின் அடியில் யாரையும் செல்ல விடவில்லை. பொறியை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். மீட்டர் முள் சுழிக்கு வந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் பலமுறை செய்வித்தார்.

ஐந்தாம் நாள் தேர்வு. ஒவ்வொருவரும் தாமே குழாய்களை இணைத்து, ஒரு பாரத்தைத் தூக்கி, நிறுத்தி, தாங்குகோல் இட்டு, பின் பத்திரமாக இறக்கிக் காட்ட வேண்டும். சிறிய சிரிஞ்சால் வென்ற பெண் மிக விரைவாக முடித்தாள். டிப்பர்க்காரரின் தம்பியோ எல்லாரினும் மெதுவாகச் செய்தான். ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு முறை சரிபார்த்தான். முள் சுழியில் நிற்பதை உற்று நோக்கினான். நேரம் கடந்தும் முதியவர் அவனை விரைவுபடுத்தவில்லை. முடிவில் அவன் தோளைத் தட்டி, “உன்னை நம்பி என் வண்டியைக் கொடுப்பேன்” என்றார்.

சில நாட்களுக்குப் பின் அவனை வேலூர் சாலையில் கண்டேன். அண்ணனிடம் சொன்னாயா என்று கேட்டேன். “சொன்னேன், ஐயா. ‘தாங்குகோல் வைக்க ஏது நேரம்? நடை குறைந்தால் கூலி குறையும்’ என்றார். நான் விடவில்லை. சிரிஞ்சு இரண்டையும் வீட்டில் வைத்துக் குழாயைப் பிடுங்கிக் காட்டினேன். அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே பட்டறையில் ஒரு தாங்குகோல் செய்துகொண்டார்” என்றான். ஐந்து நாள் பயிற்சியின் பயன் யாது என்று கேட்பவருக்கு நான் சொல்லும் விடை இதுவே.

நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு குறை உண்டு. ஏடு தொட்ட கை உயர்ந்தது, எண்ணெய் தொட்ட கை தாழ்ந்தது என்று எண்ணிவிட்டோம். இக்குறையை நீக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தே வருகின்றன. 1950-ஆம் ஆண்டில் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே வளர்ந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் எண்ணற்ற இளைஞர் கைத்திறன் பெற்றுள்ளனர். ஆயினும், திட்டங்கள் வாயிலைத் திறக்கவே வல்லன. உள்ளே செல்ல வேண்டிய மனம் நம்முடையது. பாஸ்கலின் அறிவும் மாட்ஸ்லியின் கையும் கூடியபோதே ஆற்றல் பிறந்தது. அறிவு தனித்து நின்ற 130 ஆண்டுகளில் ஒரு சிறு கல்லையும் அது தூக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இளைஞருக்கும் இப்பாடம் உரியது. அடைபடாத நீர் ஓடி மறையும். எல்லையும் நெறியும் உள்ள கலத்தில் நின்ற நீரே மலையை ஒத்த பாரத்தைத் தூக்கும். அடக்கம் நீரின் ஆற்றலைக் குறைப்பதில்லை. அதற்குத் திசையைத் தருகிறது. காற்றுக்குமிழி போன்ற வீண்பெருமை உள்ளே புகுந்தால் உழைப்பெல்லாம் அதற்கே இரையாகும். தூசி புகாமல் காத்தல் வேண்டும். மிகும்போது வழிவிடக் கலிங்கும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் ஆற்றல் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் நிழலில் நின்று உழைப்பவரின் உயிருக்கு ஒரு தாங்குகோல் இட்ட பின்னரே பணியைத் தொடங்குதல் வேண்டும்.